சிவலைக்குச் சுகமில்லை

நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மிருக வைத்தியர் என் கடைசி மகளின் வயதுப் பெண். போன மாதம் ஊர்காவற்றுறையில் என் வீடு தேடி வந்தார். கையில் நான் எப்போதோ எழுதிய அறிக்கை ஒன்றின் போட்டோப் பிரதி. தீவுகளில் கலப்பினக் கறவைப் பசுக்கள் ஏன் ஒழுங்காகச் சினைப்படுவதில்லை என்பது பற்றிப் புதிய உத்தியோகத்தர்களுக்கு ஒரு கைநூல் தயாரிக்கிறாராம்.

"சேர், நயினாதீவைப் பற்றி எங்களிட்டை இருக்கிறது இந்த ஒரு அறிக்கைதான். எல்லாரும் இதைத்தான் எடுத்துக் காட்டினம். இதோடை உங்கடை அனுபவத்தையும் ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோவன்" என்றார்.

அவர் விரல் வைத்துக் காட்டிய வரியை வாசித்தேன். 'வெக்கை, உவர்த்தண்ணீர், தீவனக் குறைவு ஆகிய காரணங்களால் கலப்பினப் பசுக்களுக்கு இத்தீவில் சினை தங்குவதில்லை.' வெக்கை உண்மை. உவர்த்தண்ணீர் உண்மை. தீவனக் குறைவும் உண்மைதான். ஆனால் அந்த வரியை எழுதியபோது என் மனதில் நின்றது ஒரே ஒரு மாடு. அந்த மாட்டுக்குச் சினை தங்கியிருந்தது. தங்கிய சினையைக் கலைத்தவன் நான்.

இரண்டு பக்கம் கேட்டார். கொஞ்சம் கூடிப்போயிற்று. அந்தப் பிள்ளை மன்னிக்கவேண்டும். முன்பு ஒருமுறை சுருக்கமாக எழுதித்தான் இவ்வளவு கெடுதலும் வந்தது.

அரசாங்கக் கடிதங்களில் நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர். ஊருக்குள் 'மாட்டுக்கு ஊசி போடுறவர்'. நான் போட்டது ஊசி அல்ல. நல்லினக் காளையின் உறைவிந்தைத் திரவ நைதரசன் குடுவையில் சுமந்து போய், பருவத்துக்கு வந்து கத்துகிற பசுவின் கருப்பைக்குள் ஒரு நீளக் குழலால் வைக்கிற வேலை. அதைப் பெயர் சொல்லி அழைக்க எங்கள் சனத்துக்குக் கூச்சம். அதனால் ஊசி. கல்யாண வீட்டில்கூட 'இவர்தான் எங்கடை மாட்டுக்கு ஊசி போட்டவர்' என்று அறிமுகப்படுத்துவார்கள். நானும் சிரித்துக்கொண்டு கைகொடுப்பேன்.

மலைநாட்டில் சில மாதங்கள் பயிற்சி தந்தார்கள். மழை, குளிர், விளங்காத சிங்களம், கொழுத்த மாடுகள். அங்கே கற்றதில் பாதி இந்த உப்புக் காற்றில் உதிர்ந்துபோயிற்று. வேலையை எனக்கு உண்மையில் பழக்கியவர் டொக்டர் அருமைநாயகம்.

அவர் ஏசி நான் கேட்டதில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்பேன். பட்டிக்குள் நுழைந்ததும் மணிக்கூட்டைக் கழற்றிச் சேட்டுப் பையில் போடுவார். முதலில் என்னைக் கையை உள்ளே விடச் சொல்வார். மாட்டின் பின்வழியாக முழங்கைக்கு மேல் கையை விட்டு, குடலின் சுவருக்கு அப்பால் கிடக்கும் கருப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும். நான் கையை எடுத்ததும் ஒரு ஈர்க்கை முறித்து நீட்டுவார்.

"நீர் என்னத்தைத் தொட்டனீர்? நிலத்திலை கீறிக் காட்டும்."

கீறுவேன். கருப்பை வாய் எங்கே, இரண்டு கொம்புகளும் எந்தப் பக்கம் வளைகின்றன, எது பருத்தது, எது மெலிந்தது எல்லாம் புழுதியில் வரவேண்டும். அதன் பிறகுதான் அவர் கைவிடுவார். தன் கீறலை என்னுடையதற்குப் பக்கத்தில் கீறுவார். இரண்டையும் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பார். மாட்டுக்காரர்கள் எங்களைச் சுற்றி நின்று, ஏதோ சாத்திரம் பார்க்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

அவரிடம் ஒரேயொரு பிடிவாதம் இருந்தது. கைவிட்டுப் பார்த்து, கருப்பை வெறுமையாக இருக்கிறது என்று நிச்சயமான பிறகுதான் குடுவையைத் திறக்கலாம். முதலில் விந்தைக் குடுவையிலிருந்து எடுத்துச் சுடுதண்ணீரில் இளக்கிவிட்டால், சில நிமிடங்களில் அதைப் போட்டே ஆகவேண்டும். திரும்பக் குடுவைக்குள் வைக்க ஏலாது. வீணாகப் போகுதே என்று கை அவசரப்படும்.

"சினை மாடும் சிலவேளை கத்தும். உம்முடைய கை சொல்லுறதைக் கேளும், மாட்டுக்காரர் சொல்லுறதைப் பிறகு கேளும்" என்பார். என்னைக் குத்துகிற வார்த்தையாக இது அப்போது இல்லை. இப்போது இருக்கிறது.

மாட்டுக்காரர் சொல்வதைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஒரு பசு இருபத்தொரு நாளுக்கு ஒருமுறைதான் பருவத்துக்கு வரும். அதுவும் ஒரு நாள்கூட முழுதாக நிற்காது. காலையில் கத்தத் தொடங்கினால் பின்னேரம் போடவேண்டும், பின்னேரம் கத்தினால் மறுநாள் காலை. பிந்தினால் பயனில்லை, அடுத்த முறைக்குக் காத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வருவோம். இதைச் சனம் கெதியில் படித்துவிட்டது. எப்போது கேட்டாலும் 'இண்டைக்கு விடியத்தான்' என்ற ஒரே பதில்.

நெடுந்தீவில் ஒருவர். கடல் கடந்து, குடுவையைத் தோளில் தொங்கவிட்டு, கல்வேலிகளுக்கு நடுவே வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தேன்.

"எப்ப தொடக்கம் அண்ணை?"

"இண்டைக்கு விடியத்தான் மாஸ்டர். சத்தியமா விடியத்தான்."

குசினிக்குள் இருந்து மனைவி குரல் கொடுத்தார். "உவர் என்ன விசர்க் கதை கதைக்கிறார்? முந்தநாள் தொடக்கம் நித்திரை கொள்ள விடாமல் கத்திக்கொண்டு நிக்குது!"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் குடுவையைப் பார்த்தேன். இருவரும் சிரித்துவிட்டோம். அந்த மாட்டுக்குப் போடவில்லை. ஆனால் இப்படிச் சிரித்துச் சிரித்தே, சனம் சொல்வதை நான் மொழிபெயர்த்துக்கொள்ளப் பழகிவிட்டேன். அவர் இப்படிச் சொன்னால் அப்படி, இவர் அப்படிச் சொன்னால் இப்படி. அதில் எனக்கொரு பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

நயினாதீவில் ஐயரம்மா என்று நாங்கள் கூப்பிட்டவர், கோயிற் பூசை செய்த குருக்கள் ஒருவரின் மனைவி. போர் முடிந்து சில வருடங்களில் குருக்கள் காலமானார். பூசை முறை குருக்களின் தம்பிக்கு, ஐயரம்மாவின் மைத்துனருக்கு, போயிற்று. ஐயரம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் இருந்த காலத்தில் மாலை கட்டுவது, பிரசாதம் செய்வது என்று கோயிலுக்குள் அவருக்கு நூறு வேலை. பிறகு ஒவ்வொன்றாக வேறு கைகளுக்குப் போய்விட்டது. யாரும் போகச் சொல்லவில்லை, அவராகவே விலகி நின்றார் என்றுதான் சொல்வார்கள். மிஞ்சியது ஒன்று. காலைப் பூசை அபிஷேகத்துக்கு அவர் வீட்டுப் பசுவின் பால். அதை மட்டும் அவர் விடவில்லை.

அந்தப் பசு சிவலை. ஜேர்சிக் கலப்பு. ஊர் மாடு ஒரு செம்பு தந்தால் இது ஒரு வாளி தரும். ஆனால் பசு ஈன்றால்தான் பால், சினைப்பட்டால்தான் ஈற்று. ஐயரம்மாவுக்கு அந்தக் கோயிலோடு இருந்த தொடுப்பு முழுவதும் சிவலையின் கருப்பையில் தங்கியிருந்தது என்று எழுதினால் அது அலங்காரம் அல்ல.

முதன்முறை தொலைபேசி எடுத்து, "தம்பி, சிவலைக்குச் சுகமில்லை" என்றார். நான் காய்ச்சல் பார்க்கிற சாமான்களோடும் மருந்துப் பையோடும் வள்ளம் ஏறிப் போனேன். அங்கே சிவலை கயிற்றை இழுத்துக்கொண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு, தீவு அதிரக் கத்திக்கொண்டு நின்றது.

"அம்மா, இது பருவத்துக்கு வந்திருக்கு. நான் குடுவை கொண்டு வரேல்லையே!"

ஐயரம்மா கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு, "அதைத்தானே சொன்னனான்" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. எங்கள் வீடுகளில் பெண்கள் மாதவிலக்கைச் சொல்கிற சொல் அது. 'அவவுக்குச் சுகமில்லை' என்றால் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். 'மாடு காளைக்குக் கத்துது' என்று ஒரு அன்னிய ஆணிடம் சொல்ல ஐயரம்மாவுக்கு வாய் வரவில்லை. தன் சொல்லை மாட்டுக்கும் கொடுத்துவிட்டார். அந்த முறை தவறி, இருபத்தொரு நாள் போயிற்று. அடுத்த முறை 'சுகமில்லை' என்றதும் குடுவையோடு போனேன். அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். 'நயினாதீவிலை சுகமில்லையாம், குடுவையை எடுங்கோ' என்று மற்றவர்களும் பகிடி பண்ணுவார்கள்.

மூன்று முறை போட்டும் தங்கவில்லை. நாலாம் முறை போட்ட பிறகு தொலைபேசி வரவில்லை. மூன்று மாதம் கழித்துக் கைவிட்டுப் பார்த்துச் சினையை உறுதிப்படுத்த வேண்டும் என்பது ஒழுங்கு. வாடைக்காற்றுக் காலம், கடல் கொந்தளிப்பு, வள்ளம் ஓடாத நாட்கள் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். காற்று அடங்கிய பிறகும் போகவில்லை. சோம்பல்தான். வேறு பெயர் அதற்கு இல்லை.

நாலு மாதம் கடந்த ஒரு பின்னேரம் தொலைபேசி வந்தது.

"தம்பி, சிவலைக்குச் சுகமில்லை."

"எப்ப தொடக்கம் அம்மா?"

"இண்டைக்கு மத்தியானம் தொடக்கம். தின்னுறதும் குறைவு. பாலும் குறைஞ்சு போச்சு."

பருவத்துக்கு வந்த மாடும் தின்னாது, பாலும் குறையும். சரி, நாலாம் முறையும் தவறிவிட்டது என்று எண்ணிக்கொண்டு மறுநாள் முதல் வள்ளத்தில் குடுவையோடு போனேன். மருந்துப் பை அலுவலகத்தில் இருந்தது.

சிவலை நிலைகொள்ளாமல் நின்றது. பின்பக்கத்தில் கொஞ்சம் வழுவழுப்பு. எனக்கு அது போதுமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

"கத்தினதோ அம்மா?"

"ஓம்... ஏதோ அனுங்கினதுதான்."

"போன முறை மாதிரித்தானே?"

"எனக்கென்ன தெரியும் தம்பி. அதுக்குச் சுகமில்லை" என்று திரும்பவும் அதையே சொன்னார். இந்த முறை அவர் கிணற்றடியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் கவனிக்கவில்லை என்று எழுத ஆசை. கவனித்தேன். நின்று யோசிக்கவில்லை.

அந்த நேரம் என் தொலைபேசி அடித்தது. புங்குடுதீவில், மடத்துவெளியிலிருந்து ஒருவர். நேற்றுப் பின்னேரம் தொடக்கம் அவருடைய மாடு கத்துகிறதாம், கெதியில் வரட்டாம். மணிக்கூட்டைப் பார்த்தேன். அடுத்த வள்ளத்துக்கு அரைமணி நேரம் இருந்தது. அதை விட்டால் மதியம் திரும்பிவிடும்.

முதலில் விந்தை இளக்கினேன்.

இளக்கிக் குழலில் ஏற்றிய பிறகு கைவிட்டேன். கருப்பையைத் தேடவில்லை, கருப்பை வாயைப் பிடிக்க மட்டும்தான். அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. முன்னுக்கு இழுபட்டுக் கிடந்தது, பாரமான பை ஒன்றின் கழுத்தைப் பிடித்தாற்போல. கை சொன்னது. இருபது வருடம் பழகிய கை, பொய் சொல்லாது. ஆனால் மற்றக் கையில் இளகிய விந்து. குழலைச் செலுத்தினேன், போகவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். போயிற்று.

குழலை வெளியே எடுத்தபோது அதன் நுனியில் பிசின் மாதிரித் தடித்து ஒரு கட்டி ஒட்டியிருந்தது. சினை தங்கிய மாட்டின் கருப்பை வாயை மூடிக் காக்கிற அடைப்பு அது. வெறும் மாட்டில் அது இராது. கடதாசியால் துடைத்து, கடதாசியைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

"ஊசி போட்டாச்சு அம்மா" என்றேன்.

"சுகம் வந்திடுமோ தம்பி?" என்று கேட்டார். வரும் என்று சொல்லிவிட்டு வள்ளத்தைப் பிடிக்க ஓடினேன். மடத்துவெளி மாட்டுக்கு நேரத்துக்குப் போட்டேன். அது தங்கியது, அடுத்த வருடம் ஈன்றது. அதை நினைத்து ஒருநாளும் சந்தோஷப்பட முடிந்ததில்லை.

நாலாம் நாள் திரும்பவும் அழைப்பு. "தம்பி, சிவலை கன்று வீசிப்போட்டுது." இந்த முறை அவர் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லவில்லை.

போனேன். குறைமாதத்தில் விழுந்த கன்று ஒரு சின்னப் பூனையின் அளவு. மயிர் முளைக்காத மேனி, குளம்புகள் மட்டும் ஒழுங்காகத் திரண்டிருந்தன. நஞ்சுக்கொடி விழவில்லை. மாட்டுக்கு நல்ல காய்ச்சல். ஊசி மருந்தை, இம்முறை உண்மையான ஊசியை, போட்டேன். காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்டேன். "நீங்கள் அண்டைக்கு வர முதலே மேல் சுட்டது. அதுதானே போன் எடுத்தனான்" என்றார். முதல் நாளே உண்மையாகவே அதற்குச் சுகமில்லை. அவர் சொன்ன சொல் அன்று சொன்ன பொருளில்தான் இருந்தது. மொழிபெயர்த்தவன் நான்.

காய்ச்சலாலும் கன்று வீசும். அதை வைத்துப் பல வருடம் என்னை நானே தேற்றியிருக்கிறேன். ஆனால் அன்று அந்தக் கடதாசியில் துடைத்தது என்னவென்று எனக்குத் தெரியும்.

பனையடியில் கிடங்கு வெட்டித் தாட்டோம். கை கழுவ ஐயரம்மா தண்ணீர் வார்த்தார். வார்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் கறந்ததாலையோ தம்பி? சினை எண்டு தெரிஞ்சிருந்தும் கோயிலுக்கெண்டு விடாமல் கறந்தனான். அதாலையோ?"

நாலு மாதச் சினைமாட்டைக் கறப்பதில் ஒரு பிழையும் இல்லை. ஏழு மாதம் வரை கறக்கலாம். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. சினை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் அவரிடம் கேட்டது 'கத்தினதோ' என்று மட்டும்தான்.

"இருக்கலாம் அம்மா" என்றேன்.

அந்த இரண்டு சொல்லைத்தான் நான் என் உத்தியோகக் காலத்தில் செய்த மிகப் பெரிய பிழை என்று சொல்வேன். குழல் தவறியது கைத்தவறு. இது வாயால் செய்தது.

சிவலையின் கருப்பையில் சீழ் வைத்தது. மருந்து கொடுத்தும் பிறகு சினைப்படவில்லை, பால் வற்றியது. அடுத்த வருடம் அதை விற்று, வள்ளத்தில் ஏற்றினார்கள். அபிஷேகத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பைக்கற் பால் என்று ஆயிற்று. அறிக்கை எழுதுகிற நேரம் வந்தபோது, சினை தங்காத காரணம் என்ற இடத்தில் என் கை நிற்கவே இல்லை. வெக்கை, உவர்த்தண்ணீர், தீவனக் குறைவு. பிறகு வந்த ஒரு திட்டத்தில் தீவுகளின் பெண்களுக்குச் சினைக் கலப்பினப் பசுக்கள் கொடுத்தார்கள். நயினாதீவு பட்டியலில் இல்லை. அந்த ஊர்ப் பெண்கள் கேட்டதற்கு என் அறிக்கையைக் காட்டினார்களாம். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

டொக்டர் அருமைநாயகம் ஓய்வுபெற்றுப் பிள்ளைகளோடு வெளிநாடு போயிருந்தார். இடைக்கிடை தொலைபேசியில் கதைப்பார். "தீவு மாடுகள் என்னமாதிரி?" என்று கேட்பார். ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம். அவர் ஏசமாட்டார். கீறிக் காட்டச் சொல்வார். அதற்குத்தான் பயந்தேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

புதிய வைத்தியரிடம் இப்போது கையால் தொடாமலே சினை பார்க்கிற திரைக் கருவி இருக்கிறது. நல்லது. ஆனால் பிள்ளை, அந்தக் கருவியையும் முதலில் எடுக்கவேண்டும், குடுவையைப் பிறகுதான் திறக்கவேண்டும். அந்த ஒழுங்கைக் கருவி உமக்குச் சொல்லாது. மற்றது, சினை தங்கவில்லை என்று பதிவேட்டில் வருகிற இடமெல்லாம் மாட்டின் குறை, நிலத்தின் குறை என்றே எழுதியிருக்கும். எழுதியவனின் குறைக்கு அதில் ஒரு கட்டம் இல்லை. உம்முடைய கைநூலில் என் வரியை வெட்டிவிடும். வெட்டியதற்குக் காரணமாக இதைப் போடும்.

இதை எழுத இருக்க முதல், போன கிழமை நயினாதீவுக்குப் போனேன். ஐயரம்மாவுக்கு எண்பதுக்குக் கிட்ட வயது. நிமிர்ந்து நிற்க ஏலாது. என்னை அடையாளம் கண்டு கதிரை இழுத்துப் போடச் சொன்னார். நான் இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டின் கருப்பை, குழல், அடைப்பு என்று ஒன்றையும் மறைக்கவில்லை, கூச்சமும் பார்க்கவில்லை.

"கன்று வீசினது நீங்கள் கறந்ததாலை இல்லை அம்மா. என்னாலை."

ஐயரம்மா சேலைத் தலைப்பை மடியில் வைத்து மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

"அண்டைக்கு இருக்கலாம் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம் அம்மா. பொய் சொன்னனான்."

"சிவலையைக் குடுத்த பிறகு மைத்துனர் வேலணையிலை இருந்து ஒரு நாகு கொண்டு வந்தவர். நல்ல வடிவான கன்று. கோயிலுக்குப் பால் வேணும், நீங்களே வளர்த்தெடுங்கோ அண்ணி எண்டு வாசலிலை கட்டிப்போட்டார். நான் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிப்போட்டன். இன்னொரு வாயில்லாச் சீவனையும் என்ரை ஆசைக்குக் கொல்லப் போறனோ எண்டு பயம்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப அதை நான் வளர்த்திருக்கலாம், என்ன தம்பி?"

"ஓம் அம்மா. வளர்த்திருக்கலாம்."